மாணவர் படையணியைப் பழக்கிய ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஒரு கௌரவிப்பு விழா: விழாக்குழுவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

சேவை நயப்பு விழா யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. அதிபர் ஓய்வு பெற்றால் விழா, அறுபது வயது வந்தால் மணிவிழா, ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால்கூட வகுப்பறைக்குள் ஒரு சின்ன விழா. நிறைகுடம், குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துப்பா, மலர் வெளியீடு என்று ஒழுங்கெல்லாம் ஊருக்கே மனப்பாடம். ஆனால் விழா நாயகர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், பாடசாலை மைதானத்தில் மாணவர் படையணியின் கடேற் பிள்ளைகளைப் பல வருடம் பழக்கியவர் என்றால், அந்த மனப்பாடம் பாதி தூரம்தான் உதவும். சீருடை என்றதும் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு நினைவு எழும். அதைக் கவனியாமல் விட்டால் நல்ல மனிதர் ஒருவரைச் சங்கடத்தில் நிறுத்திவிடுவோம்.

பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசாமல் இருந்ததாலேயே விழாக்குழுச் செயலாளர் ஆக்கப்பட்டவர்கள், படையணிப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற இளம் ஆசிரியர்கள், கடேற் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: அவர் படையில் இருந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பிள்ளைகளோடு நின்ற காலத்தை விரித்துச் சொல்லுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

முதல் வேலை: அவர் யார் என்று சரியாக அறிவது

"ஆமிக்காரச் சேர்" என்று ஊரில் சொல்வதை வைத்துக்கொண்டு அழைப்பிதழ் அடிக்கக் கூடாது. இந்தப் பெயருக்குள் இரண்டு வகையானவர்கள் இருக்கலாம். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒன்றில் முழுநேரச் சேவை செய்து ஓய்வு பெற்றவர் ஒரு வகை. பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே தேசிய மாணவர் படையணியில் அதிகாரி நியமனம் பெற்று, கப்டன், மேஜர் என்று உயர்ந்தவர் மற்ற வகை. இரண்டாமவர் போர்முனைக்குப் போனவரல்லர். சோக்கட்டியும் விசிலும் ஒரே சட்டைப் பையில் இருந்த ஆசிரியர். இவரை "போர்வீரர்" என்று மேடையில் புகழ்ந்தால் அவரே நெளிவார்.

இணையத்தில் தேடும்போதும் கவனம் தேவை. யூடியூப்பில் முதலில் வருவது இந்தியாவின் மாணவர் படையான என்.சி.சி.; அது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வேறு அமைப்பு, சின்னமும் உறுதிமொழியும் வேறு. அமெரிக்காவின் பாடசாலைப் படைப்பயிற்சித் திட்டமான ஜே.ஆர்.ஓ.டி.சி. 1916இல் தொடங்கியது, அங்கே உயர்பாடசாலையில் வகுப்பெடுப்பதே பெரும்பாலும் ஓய்வுபெற்ற படையினர்தான், அது அவர்களுக்குச் சம்பளத்தோடு வரும் வேலை. இலங்கையில் கதை 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்குகிறது. இன்றைய தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கினாலும், பாடசாலையில் அன்றாடப் பொறுப்பு ஓர் ஆசிரியரின் கையில். ஓய்வுபெற்ற அதிகாரி வந்து உதவுகிறார் என்றால் அது பெரும்பாலும் அவராக விரும்பிச் செய்வது. ஆகவே பொறுப்பாசிரியரைத் தாண்டி விழா வைக்காதீர்கள். மேடையில் அவருக்கும் ஒரு கதிரையும், பேச்சுகளில் ஒரு வரியும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விழா முடிந்த அடுத்த கிழமை மைதானத்தில் அதன் விளைவு தெரியும்.

பதவிநிலையில் பிழை விடுவது மிகச் சுலபம். தரைப்படையில் வரிசை இது: இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல். கடற்படையில் கப்டன் என்பவர் தரைப்படைக் கேணலுக்குச் சமம்; தரைப்படைக் கப்டனோடு அவரைக் குழப்பினால் மூன்று படி கீழே இறக்கிவிடுகிறீர்கள். லெப்டினன்ட் கேணலை நேரில் "கேணல்" என்று அழைப்பது வழக்கம், ஆனால் அச்சில் முழுதாகப் போடவேண்டும். பெயரோடு "ஓய்வு" என்ற சொல் எங்கே வரவேண்டும், பின்னால் என்ன பதக்க எழுத்துகள் வேண்டும் என்பதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். முகநூலில் இருந்து எடுக்கவேண்டாம்.

அவரிடமே கேளுங்கள்

ஆச்சரியமாக வைப்போம் என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்வார். வேண்டாம். ஒரு பின்னேரம் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்குப் போங்கள். ஒருவர் அவரிடம் படித்தவராக இருந்தால் நல்லது. தேத்தண்ணி வந்து, ஊர்க்கதை முடிந்த பிறகு மெல்லத் தொடங்கலாம்: "சேர், பிள்ளையள் உங்களுக்கு ஒரு விழா செய்ய ஆசைப்படினம். நீங்கள் ஓம் எண்டால்தான் மிச்சம்."

முதல் தடவை "எனக்கென்னத்துக்கு இதெல்லாம்" என்றுதான் வரும். அது அடக்கமா, உண்மையிலேயே விருப்பமில்லையா என்பது வீட்டு அம்மாவின் முகத்தில் தெரியும். சில குடும்பங்கள் படைச் சேவை பற்றிப் பத்திரிகையில் படம் வருவதை விரும்புவதில்லை. உறவினர் ஒருவரின் இழப்பு இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சங்கடம் இருக்கலாம். காரணம் கேட்கத் தேவையில்லை. பெரிய மண்டபம் வேண்டாம் என்றால் காலை ஒன்றுகூடலில் பதினைந்து நிமிடம் போதும். அது குறைந்த கௌரவம் ஆகாது.

அப்போதே இன்னும் சில விடயங்களைக் கேட்டுவிடுங்கள். சேவைக் காலத்தில் எதைச் சொல்லலாம், எதை விடலாம்? பதக்கங்களை வாசிக்கவேண்டுமா? இது முக்கியம். ரணவிக்ரம, ரணசூர போன்ற பதக்கங்கள் போர்க்களத் துணிவுக்குக் கொடுக்கப்பட்டவை. அந்தப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மூன்றாவது வரிசையில், பேரனின் அணிவகுப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். பதக்கம் அவர் பெற்றதுதான், மறைக்கச் சொல்லவில்லை. மலரின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக அது இருக்கட்டும், மேடையில் விளக்கம் வேண்டாம். நல்ல அதிகாரிகள் இதை நாம் சொல்ல முன்னரே சொல்லிவிடுவார்கள்.

நாள் குறிப்பது

மே 18, நவம்பர் 27 இரண்டையும் ஒட்டிய வாரங்களைத் தொடாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும் ஆடி, ஆவணிக் காலத்தில் மண்டபமும் கிடைக்காது, சனமும் வராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மைதான அணிவகுப்பு சேறாகிவிடும். மார்ச்சில் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாள்களில் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் பக்கம் யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை. இல்ல மெய்வல்லுனர் போட்டி, தவணைப் பரீட்சை, சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது கொஞ்ச நாள்கள்தான்.

வார இறுதி என்றால் ரியூஷன். அதோடு மோதி வென்ற விழா யாழ்ப்பாணத்தில் இல்லை. பாடசாலை நாளில் காலை எட்டு மணிக்கு வைப்பதே என் தெரிவு: பிள்ளைகள் இருப்பார்கள், வெயில் ஏறியிராது. நல்ல நேரமும் பார்க்கத்தான் வேண்டும், நீங்கள் பார்க்காவிட்டாலும் வேறு யாரோ பார்ப்பார்கள். வழமையான கணக்கில் திங்கள் 7.30 முதல் 9 வரையும், வெள்ளி 10.30 முதல் 12 வரையும், சனி 9 முதல் 10.30 வரையும் இராகுகாலம். புதன், வியாழன் காலைகள் தொல்லை இல்லாதவை.

வெளிநாட்டுப் பழைய மாணவர்களை நேரலையில் சேர்ப்பதாக இருந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். நமது காலை எட்டு மணி, கோடைகாலத்தில் லண்டனில் அதிகாலை 3.30, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 10.30. ரொறன்ரோ வரும், லண்டன் வராது. லண்டன்காரரிடம் முன்கூட்டியே இரண்டு நிமிடக் காணொளி வாங்கி வைப்பது நல்லது. இரண்டு நிமிடம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

நினைவுகளைத் திரட்டுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். மண்டபத்தை ஒரு நாளில் பிடித்துவிடலாம். ஒரு மனிதர் பிள்ளைகளுக்கு என்ன செய்தார் என்பதைத் திரட்ட மாதங்கள் பிடிக்கும்.

முதல் சிக்கல், ஆவணம் இல்லாதது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது அல்பம் யார் தூக்கிப் போனார்கள்? பாடசாலைப் பதிவேடுகளும் பல இடங்களில் அழிந்தன. பல பாடசாலைகளில் மாணவர் படையணியே நீண்ட காலம் நின்றுபோயிருந்தது. அதனால் பழைய கடேற்மாரைத் தேடினால் இரு தலைமுறை கிடைக்கும், நடுவில் ஒரு வெற்றிடம். அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு பக்கம், இருபதுகளில் இருப்பவர்கள் மறுபக்கம். விழா நாயகர் எந்தத் தலைமுறையைப் பழக்கியவர் என்று பார்த்து அந்தப் பக்கம் முதலில் போங்கள். மூத்தவர்களின் படங்கள் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ சங்கக் குழுக்களில் கிடக்கும். வட்ஸ்அப்பில் வாங்கினால் படம் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் மூலப்படமாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அப்போதே எழுதி வாங்குங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெயர்களைச் சொல்ல ஆளிருக்காது.

இரண்டாவது சிக்கல், நாம் கேட்கும் கேள்வி. "சேரைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ" என்றால் எல்லோரும் கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று எழுதித் தருவார்கள். யாருக்கும் பொருந்தும் வரிகளால் பயன் இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: முதல் நாள் உங்களிடம் என்ன சொன்னார்? எதற்கு ஏசினார்? சப்பாத்து இல்லாமல் வந்த பிள்ளையை என்ன செய்தார்? அணிவகுப்பில் மயங்கி விழுந்தவருக்குப் பக்கத்தில் முதலில் ஓடியது யார்? கடேற் போட்டியான ஹேர்மன் லூஸ் கிண்ணத்துக்குப் போய்த் தோற்று வந்த இரவு பஸ்ஸில் என்ன பேசினார்? ரந்தம்பேயில் உள்ள படையணிப் பயிற்சி முகாமில் சிங்களம் தெரியாத நம் பெடியள் மற்றப் பிள்ளைகளோடு எப்படிப் பழகினார்கள், அதில் அவர் பங்கு என்ன? இதற்கெல்லாம் பொதுவான பதில் எழுத முடியாது. உண்மைச் சம்பவம்தான் வரும்.

வரும் பதில்களில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். முகாமுக்குப் போகக் காசில்லாத பிள்ளைக்கு அவர் தன் பையிலிருந்து கொடுத்தது, சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்ட வீட்டுக்குச் சாமான் அனுப்பியது போன்ற கதைகள் கட்டாயம் வரும். அந்தப் பிள்ளையின் பெயரும் ஊரும் வகுப்பும் அச்சில் வரக்கூடாது. அவரே இத்தனை வருடம் வெளியே சொல்லாத விடயம்.

திரட்டியதிலிருந்து ஒரு பக்கக் கௌரவிப்புரை தயாரியுங்கள். மாதிரிக்கு:

"எங்கள் பாடசாலை மைதானத்துக்கு இவர் வந்தபோது அணியில் நின்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பாடசாலை விட்டதும் முதல் ஆளாக வந்து, கடைசிப் பிள்ளைக்கு பஸ் கிடைத்த பிறகே சைக்கிளை எடுப்பார். கையசைவு பிழைத்தால் ஏசுவார்; கணித வினாத்தாளில் புள்ளி குறைந்தால் அதைவிடக் கூட ஏசுவார். இவரிடம் பழகியவர்கள் இன்று தாதியர், ஆசிரியர், பொறியியலாளர், வியாபாரிகள். படையில் சேரச் சொல்லி எங்களில் யாரையும் இவர் ஒருநாளும் கேட்டதில்லை."

கடைசி வரி உண்மையாக இருந்தால் கட்டாயம் போடுங்கள். கடேற் பிள்ளைகளுக்குப் படையில் சேரும் கடப்பாடு எதுவும் இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடு சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வரி நிறையச் சொல்லும்.

படைப் பின்னணியைச் சொல்ல விரும்பும் பேச்சாளர் இருந்தால் அவருக்கு ஒரு நல்ல வாசலைக் காட்டலாம். இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1955 முதல் 1959 வரை அப்பதவியில் இருந்தார். 1960களில் கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர். சீருடை ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு உத்தியோகமாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளை அறிய இந்த இரண்டு பெயர்கள் போதும். அதற்குமேல் போனால் விழா கருத்தரங்கு ஆகிவிடும், பிறகு சண்டையாகிவிடும்.

வாழ்த்துப்பா எழுதும் கவிஞரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டிப் பேசிவிடுங்கள். மரபுக் கவிதை என்றதும் களம், வாள், வேங்கை எல்லாம் கூப்பிடாமலே வந்து அடியில் உட்கார்ந்துவிடும். வேங்கை, புலி உவமைகள் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்த மேடைக்குச் சரிவராது.

அழைப்பிதழும் பிரதம விருந்தினரும்

விழா நாயகர் வேறு, பிரதம விருந்தினர் வேறு. பிரதம விருந்தினராக அரசியல்வாதி வந்தால் மறுநாள் யாழ் பத்திரிகைகளான உதயனிலும் வலம்புரியிலும் அவர் படம்தான் பெரிதாக வரும். சேவையில் இருக்கும் படைத் தளபதியை அழைத்தால் வாசலில் வாகனத் தொடர், பாதுகாப்பு. பெற்றோரில் பாதிப்பேர் வாசலோடு திரும்பக்கூடும். விழா நாயகரிடம் பயின்று இன்று நல்ல நிலையில் இருக்கும் பழைய கடேற் ஒருவர், அல்லது அதே பாடசாலையின் முன்னாள் அதிபர், இந்த இருவரில் ஒருவர்தான் பொருத்தம். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் மூலம் முறைப்படி அறிவித்தல் கொடுங்கள்.

மாணவர் படையணி சீருடையோடு அணிவகுப்பு மரியாதை கொடுப்பதாக இருந்தால், அதிபரின் ஒப்புதலோடு பொறுப்பாசிரியர் தன் படையணி மேலிடத்துக்கு எழுத்தில் அறிவித்து அனுமதி பெறட்டும். இதை நேரத்தோடு செய்யவேண்டும். துப்பாக்கியோ மாதிரித் துப்பாக்கியோ வேண்டாம். வெறுங்கையோடு நல்ல அணிவகுப்பு, பாடசாலை பான்ட் இருந்தால் அதுவும், அவ்வளவே.

அழைப்பிதழில் பெயர் ஒழுங்கு பற்றிய சண்டை வரும். அது வராத விழாவே இல்லை என்பதால் அதிபரிடம் முடிவை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். விழா நாயகரின் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் அழைப்பிதழிலோ மலரிலோ இடம்பெற வேண்டாம்.

விழா நாள்

வாசலில் நிறைகுடம், சந்தனம், குங்குமம். விழா நாயகரோ விருந்தினரோ கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் தட்டை நீட்டுகிற பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் பூ மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். விளக்கேற்றும்போது சப்பாத்துக் கழற்றவேண்டும் என்பதையும் முதல் நாளே அவருக்குத் தெரிவியுங்கள். நாடா கட்டிய சப்பாத்தோடு மேடையில் குனிந்து போராடும் வயதானவரைச் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அழகில்லை. பக்கத்தில் ஒரு கதிரை போடுங்கள்.

ஓய்வு பெற்றவர் பொதுவாகச் சீருடையில் வரமாட்டார். கோட் அணிந்து வந்தால் பதக்கங்களை இடது மார்பில் குத்திவரலாம். வேட்டி சால்வையோடு வந்தாலும் குறையில்லை. பிரித்தானிய வழிவந்த மரபில், தலையணி இல்லாதவர் கையால் சல்யூட் அடிப்பதில்லை. நிமிர்ந்து நின்று ஏற்றுக்கொள்வார். "சேர் ஏன் சல்யூட் அடிக்கேல்லை" என்று பின்வரிசை கேட்கும், அறிவிப்பாளர் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம்.

மைதானப் பகுதி இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்களா என்று பொறுப்பாசிரியர் கேட்கட்டும். நிழலில் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் வைத்து இரண்டு பேரை நிறுத்துங்கள். அணியைப் பார்வையிட அவரால் நடக்க முடியாது என்றால், அவர் இருக்கும் இடத்துக்கு முன்னால் அணி நடந்து போகட்டும்.

மண்டபத்துக்குள் வந்ததும் பேச்சுகள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், கௌரவிப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்பதே வழமை. இதில் எப்போதும் அடிபடுவது ஏற்புரைதான். ஏழு பேர் வாழ்த்தி முடிக்கும்போது பிள்ளைகளுக்குப் பசி, பெரியவர்களுக்குப் பஸ். யாருக்காக விழாவோ அவர் எழும்பும்போது பாதிக் கதிரை காலி. ஆகவே வாழ்த்துரையை மூன்றோடு நிறுத்துங்கள்: ஒரு மூத்த பழைய மாணவர், ஒரு பெற்றோர், இப்போது அணியில் நிற்கும் ஒரு பிள்ளை. தலைக்கு ஐந்து நிமிடம். அதன்பிறகு கௌரவிப்புரை, பொன்னாடை, உடனே ஏற்புரை. மற்ற வாழ்த்துச் செய்திகள் எல்லாம் மலரில் அச்சாகட்டும்.

அவர் சிங்களம் பேசுபவர் என்றால் ஏற்புரையை வசனம் வசனமாகத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். முழுவதும் பேசி முடிந்தபின் சுருக்கம் சொல்வது சபைக்குப் பிடிபடாது.

பொன்னாடை ஒன்று போதும். சங்கம், பெற்றோர், அயல் பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று ஆளுக்கொன்று போர்த்தி, வெயிலில் ஒரு முதியவரைத் துணிக்கடைப் பொம்மை ஆக்கவேண்டாம்.

அன்பளிப்பு

பெயர் பொறித்த கேடயம் அவர் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கும். அவருக்கு மகிழ்ச்சி தருவது அநேகமாகப் படையணிக்குப் போகும் ஒன்றாகத்தான் இருக்கும்: சப்பாத்து, பான்ட் வாத்தியம், முகாமுக்குப் பிரயாணச் செலவு. முடியுமானால் சேர்ந்த பணத்தை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் சிறந்த கடேற்றுக்கு அவர் பெயரில் ஒரு பரிசு வழங்க ஒழுங்கு செய்யுங்கள். வைப்புப் பத்திரம் தனியாள் பெயரில் இருக்கக் கூடாது, பாடசாலை அல்லது பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். பரிசை எதற்குக் கொடுப்பது என்ற நிபந்தனையை அவரே எழுதட்டும். கையெழுத்தில் வந்த பிள்ளைகளின் கடிதங்களை ஒரு கோப்பில் கட்டி அதையும் கொடுங்கள். தட்டச்சு செய்யவேண்டாம், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

விழா முடிந்த பிறகு

இரண்டு கிழமைக்குள் வரவு செலவுக் கணக்கைச் சங்கத்தில் வையுங்கள். படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். லிங்க் அனுப்பினால் பேரப்பிள்ளை வரும்வரை அது திறக்கப்படாது. பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் முகநூலில் ஏற்றக் கூடாது.

மலரின் பிரதிகளில் ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று யாழ் பொது நூலகத்துக்கு. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று கொடுங்கள். பாடசாலை மலர்களை அவர்கள் சேர்த்து வருகிறார்கள். கொடுக்க முன்னர் மலரை ஒருமுறை புரட்டி, படங்களின் கீழ் எல்லாப் பெயர்களும் சரியாக இருக்கின்றனவா, பதவிநிலை முழுதாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்து உள்ளே ஒட்டிவிடலாம்.